யானைக்கால் நோயும் உடலின் பொறுமையும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு யானைக்கால் நோயின் தோற்றத்தை யாரும் வருணித்துக் காட்ட வேண்டிய அவசியமில்லை. திருவப்பூர் மாரியம்மன் கோயில் தேரோட்டத்தின் நெரிசலிலோ, அறந்தாங்கிச் சந்தைக்கு வரும் ஜனங்களின் நடுவிலோ, வீங்கிக் கனத்த ஒரு காலை மெல்ல எடுத்து வைத்து நடக்கும் முதியவர் ஒருவரையேனும் மூத்த தலைமுறையினர் கண்டிருப்பார்கள். அந்த முதியவரை உட்கார வைத்துக் கேட்டால், இளமையில் தொடை இடுக்கில் நெறி கட்டியதையும், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து இரண்டு மூன்று நாளில் விட்டதையும், அவ்வாறு பல தடவை வந்து போன பிறகு ஒரு தடவை வந்த வீக்கம் மட்டும் வடியாமலே தங்கிவிட்டதையும் அவர் சொல்லுவார்.

இந்த வியாதியைப் பற்றி மருத்துவர்களை நெடுங்காலம் திகைக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. ஒரே தெருவில், ஒரே சாக்கடையின் ஓரத்தில், ஒரே கூட்டத்துக் கொசுக்களிடம் கடிபட்டு வாழ்கிற இரண்டு அண்டை வீட்டாரை எடுத்துக்கொண்டு, நடுநிசியில் இருவருடைய இரத்தத்தையும் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், கால் வீங்கி அவதிப்படுகிறவருடைய இரத்தத்தில் பெரும்பாலும் ஒரு புழுவும் தென்படாது. வலியோ வீக்கமோ இன்றி வயல் வேலையெல்லாம் செய்துவருகிற மற்றவருடைய இரத்தத்திலோ, ஒரு துளிக்குள்ளேயே பல நுண்புழுக்கள் நெளிந்துகொண்டிருக்கக் கூடும். நோய்க்குக் காரணம் புழுவே என்றால், புழு நிறைந்தவன் சுகமாகவும் புழு காணப்படாதவன் நோயாளியாகவும் இருப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் எரிக் ஆட்டசன் என்ற அமெரிக்க மருத்துவ விஞ்ஞானி. அவருடைய ஆராய்ச்சியின் முக்கியமான பகுதி நம்முடைய சென்னையில், தமிழ்நாட்டு நோயாளிகளின் ஒத்துழைப்போடு, நம்மவர்களான மருத்துவர்களின் தோளோடு தோள் நின்று நடந்தது என்பதனாலேயே, தமிழ் வாசகர்கள் அதை அறிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் புழுவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உச்சரீரியா பாங்க்ராஃப்டி என்று விஞ்ஞானிகள் பெயரிட்டிருக்கும் இந்தப் புழு, வெண்ணிற நூல் இழையைப் போன்று மெலிந்தது. பெண் புழு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் வரை நீளும். மனித சரீரத்தின் நிணநீர் நாளங்களில் ஆணும் பெண்ணும் பின்னிக்கொண்டு ஐந்தாறு ஆண்டுகள் உயிர்வாழ்ந்து, இலட்சக்கணக்கான நுண்புழுக்களை ஈன்று இரத்தத்தில் விடுகின்றன. பகலெல்லாம் நுரையீரலின் நுண்ணிய நாளங்களில் ஒதுங்கிக் கிடக்கும் இந்தக் குஞ்சுகள், கியூலெக்ஸ் கொசு கடிக்க வருகிற இரவு பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் தோலை ஒட்டிய இரத்தத்திற்கு வந்து சேருகின்றன. சுகாதாரத் துறையினர் உறங்குகிறவர்களை எழுப்பி விரலில் குத்தி இரத்தம் எடுத்துச் சென்றதற்கு இதுவே காரணம். கொசுவின் வயிற்றுக்குள் சென்ற நுண்புழு அங்கே பெருகுவதில்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் உருமாறி வளர்ந்து, கொசு மறுபடி கடிக்கும்போது தோலின்மீது இறங்கி, கடித்த துளையின் வழியே தானே ஊர்ந்து உள்ளே நுழைகிறது. ஆகவே ஒரு கடியினால் வரக்கூடிய நோயன்று இது. பல மாதங்களாக, பல ஆண்டுகளாகக் கடிபடுகிறவர்களையே பெரும்பாலும் பற்றுகிறது.

தேங்கிய பழைய நீர் நிறைந்த தேசங்களில் இந்த வியாதி மிகுதி என்று சுசுருதர் சம்ஹிதையிலேயே குறிப்பு உண்டு. ஆனால் காரணம் புலப்பட இரண்டாயிரம் ஆண்டுகள் ஆயின. 1872-இல் கல்கத்தாவில் டிமதி லூயிஸ் என்ற இராணுவ மருத்துவர் மனித இரத்தத்தில் நுண்புழுக்களைக் கண்டார். 1876-இல் ஆஸ்திரேலியாவில் ஜோசப் பாங்க்ராஃப்ட் முதிர்ந்த புழுவைக் கண்டார். அடுத்த ஆண்டில் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பணியாற்றிய பாட்ரிக் மேன்சன், நுண்புழு உடைய தம் தோட்டக்காரரைக் கொசுக்களின் நடுவே உறங்க வைத்து, அந்தக் கொசுக்களைப் பிளந்து, புழு கொசுவுக்குள் வளர்வதைக் கண்ணால் கண்டார். பூச்சி ஒன்று மனிதனின் நோய்க் கிருமியை வளர்த்துச் சுமக்கும் என்பது உலகிற்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு சிகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் மலேரியாவின் இரகசியத்தை அறிந்தது மேன்சனின் தூண்டுதலால்தான் என்பதும் பலரும் அறிந்ததே.

புதுக்கோட்டைச் சீமை பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. வெள்ளாறும் அக்னியாறும் மழைக்காலத்தில் மட்டும் ஓடுகின்றன. கண்மாய்களும் ஊருணிகளுமே ஜீவாதாரம். மாவட்டத்தின் கிழக்குப் பகுதியான அறந்தாங்கி, மணமேல்குடி வட்டாரமோ கல்லணைக் கால்வாயின் கடைமடை. 1974-இல் புதிய மாவட்டம் அமைவதற்கு முன்பு அது தஞ்சை மாவட்டத்தோடு இருந்தது. யானைக்கால் நோய் தொன்றுதொட்டுக் குடிகொண்ட காவிரிப் படுகையின் ஓரம் அது. ஆனால் கியூலெக்ஸ் கொசு ஆற்றையும் கண்மாயையும் நம்பி வாழ்வதில்லை. ஊரார் காவல் வைத்துக் காத்த தெளிந்த ஊருணி அதற்கு உகந்த இடமன்று. அடைத்துக்கொண்ட சாக்கடையும், மூடாத கழிவுத் தொட்டியும், குப்பை ஊறிய குட்டையுமே அது முட்டையிட விரும்பும் இடங்கள். வறண்ட நிலத்துப் பட்டணமும் சாக்கடையைத் தேங்கவிட்டால், படுகை நாட்டின் நோய்க்குத் தானே இடங்கொடுத்து விடுகிறது.

புழு தங்கும் நிணநீர் நாளங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து திசுக்களில் பரவும் நீரைத் திரட்டி மறுபடி இரத்தத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது இவற்றின் வேலை. பெருமழைக் காலத்தில் கண்மாயின் கலிங்கு அடைத்துக்கொண்டால், வழிந்து போக வேண்டிய நீர் போக்கிடமின்றிச் சுற்றியுள்ள வயல்களில் ஏறி நிற்பதைப் பார்த்திருக்கிறோம். நிணநீர் நாளங்கள் விரிந்து, அவற்றின் கதவங்கள் பழுதானால், காலிலும் கையிலும் விரைப்பையிலும் நீர் தேங்குவதும் இவ்வாறுதான். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் திரிகின்ற வழியும் இந்த நாளங்களே. சரீரத்தின் காவற்படை நடமாடும் பாதையிலேயே குடியேறி, ஆண்டுக்கணக்காக ஓர் அந்நிய ஜீவராசி வாழ்ந்து, இனப்பெருக்கமும் செய்கிறது என்பதை நினைக்கும்போது ஆச்சரியம் அடங்குவதில்லை.

இந்த நோய்க்கு முதன்முதலாக உருப்படியான மருந்து கிடைத்தது எல்லாப்பிரகத சுப்பாராவின் மேற்பார்வையில் நடந்த ஆராய்ச்சியினால். அன்றைய சென்னை இராஜதானியின் பீமவரத்தில் 1895-இல் பிறந்த அவர், புதுக்கோட்டையின் புதல்வியான முத்துலட்சுமி 1912-இல் பட்டம் பெற்று வெளிவந்த அதே சென்னை மருத்துவக் கல்லூரியில், சில ஆண்டுகளுக்குப் பின்னர் பயின்றார். தேச பக்தியினால் கதர் அங்கி அணிந்து அறுவை அறைக்குச் சென்றதனால் ஆங்கிலேயப் பேராசிரியரின் மனத்தாங்கலுக்கு ஆளாகி, உரிய பட்டத்தைப் பெறாமல் குறைந்த தகுதிச் சான்றிதழோடு வெளியேற நேர்ந்தவர். சகோதரர்கள் இருவரை வெப்பநாட்டுக் குடல் நோய் ஒன்றுக்குப் பறிகொடுத்து, தாமும் அந்நோயில் மரணத்தின் விளிம்புவரை சென்று மீண்டவர். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்துவிட்டு, வெப்பநாட்டு நோய்களைக் கற்க வேண்டும் என்ற ஒரே வேட்கையோடு 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் கப்பலேறியவர். ஹார்வர்டில் ஃபிஸ்க் என்ற பேராசிரியரோடு சேர்ந்து அவர் வகுத்த பாஸ்பரஸ் அளவிடும் முறை இன்றைக்கும் இருவர் பெயராலும் வழங்குகிறது. தசைகளுக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. என்ற பொருளைக் கண்டறிந்தவர்களிலும் அவர் ஒருவர். இத்தனை சாதித்தும் ஹார்வர்டில் நிலையான பதவி கிடைக்காமற்போகவே, 1940-இல் லெடர்லி மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார்.

இரண்டாம் உலக யுத்தத்தில் பசிபிக் தீவுகளில் போரிட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இந்தப் புழுவினால் நோயுற்றுத் திரும்பியபோது, மருந்தின் அவசியம் மேல்நாட்டாருக்கும் உறைத்தது. லெடர்லியில் ரெட்ஜினால்ட் ஹீவிட் என்பவர் பருத்தி எலிகளில் வாழும், யானைக்கால் புழுவின் இனத்தைச் சேர்ந்த, ஒருவகை ஃபைலேரியாப் புழுவை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான இரசாயனப் பொருள்களைச் சோதித்தார். அவற்றில் தேறிய ஒன்றுதான் 1947-இல் ஹெட்ரசான் என்ற பெயரில் வெளியாகி, புவேர்ட்டோ ரிக்கோ தீவின் நோயாளிகளிடம் குணம் காட்டிய மருந்து. டை எதில் கார்பமசின் என்ற அதன் நெடிய பெயரைச் சுருக்கி, டி.இ.சி. மாத்திரை என்று நம் சுகாதாரப் பணியாளர்கள் இன்றும் வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுப்பது அதையேதான். மருந்து வெளிவந்த மறு ஆண்டில், 1948 ஆகஸ்டில், ஐம்பத்து மூன்று வயதில் சுப்பாராவ் தூக்கத்திலேயே காலமானார். மருத்துவ சரித்திரத்தில் அவருக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இந்த மாத்திரையிடம் ஒரு விசித்திர குணம் இருந்தது. கண்ணாடிக் குழாயில் நுண்புழுக்களை விட்டு அதில் மருந்தைக் கரைத்தால், அவை சாகாமல் நெளிந்துகொண்டே இருந்தன. அதே மருந்தை நோயாளி விழுங்கினாலோ, சில நிமிஷங்களிலேயே இரத்தத்திலிருந்து மறையத் தொடங்கின. லண்டனில் இதைத் துருவி ஆராய்ந்தவர் ஃபிராங்க் ஹாக்கிங்; பின்னாளில் அண்டவெளி ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்ற ஸ்டீபன் ஹாக்கிங்கின் தந்தை அவர். மருந்து உண்ட பிராணிகளின் ஈரலை அறுத்துப் பார்த்தபோது, நுண்புழுக்கள் அங்கே வந்து அகப்பட்டுக்கொண்டிருப்பதையும், விழுங்கணுக்கள் அவற்றைச் சூழ்ந்து அழிப்பதையும் அவரும் அவருடைய சகாக்களும் கண்டார்கள். அதாவது, மருந்து புழுவை நேரே கொன்று முடித்துவிடவில்லை. அதுவரை புழுவைக் கண்டும் காணாமல் இருந்த சரீரத்தின் பாதுகாப்புச் சக்திக்குப் புழுவைக் காட்டிக் கொடுத்தது. அப்படியானால் அதுவரை அந்தச் சக்தி ஏன் வாளாவிருந்தது என்பதே மிஞ்சிய கேள்வி.

1970-களில் எரிக் ஆட்டசன் எடுத்துக்கொண்டது இந்தக் கேள்வியைத்தான். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஒட்டுண்ணி நோய் ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்த அவர், தென் பசிபிக்கில் குக் தீவுகளைச் சேர்ந்த மௌக்கே என்ற சிறு தீவுக்குச் சென்றார். ஜனத்தொகை குறைவு, வந்து போகிறவர்கள் அரிது, நோயோ பரவலாக இருந்தது. யாருக்கு நுண்புழு உண்டு, யாருக்கு இல்லை என்று ஏறக்குறைய ஊர் முழுவதையும் அறிந்துகொள்ள முடிகிற அத்தகைய இடம் ஆராய்ச்சியாளருக்கு எளிதில் வாய்ப்பதில்லை. அங்குள்ளவர்களின் இரத்தத்திலிருந்து நிணவணுக்களைப் பிரித்தெடுத்து, புழுவின் சத்தைச் சேர்த்து வளர்த்துப் பார்த்தார்கள். அந்நியப் பொருளை இனங்கண்டுகொண்ட நிணவணு கிளர்ந்து பெருகுவது இயல்பு. நுண்புழு இல்லாதவர்களின் அணுக்கள் அவ்வாறே பெருகின. நுண்புழு நிறைந்தவர்களின் அணுக்களோ அசையாமல் கிடந்தன. அவர்களுடைய அணுக்களே பலவீனமானவை என்று சொல்வதற்கும் இடமில்லை. ஏனெனில் வேறு கிருமிகளின் சத்தைக் கொடுத்தபோது அவை மற்றவர்களுடையவற்றைப் போலவே சுறுசுறுப்பாகக் கிளர்ந்தன. ஃபைலேரியாப் புழு ஒன்றை மட்டும் அவை பொறுத்துக்கொள்ளப் பழகியிருந்தன.

1977-இல் வெளியான இந்த முடிவு, யானைக்கால் நோயைப் பற்றிய சிந்தனையின் போக்கையே மாற்றியது என்று சொல்லலாம். அதற்கு முன்பெல்லாம், புழு எவ்வளவு தீவிரமோ நோயும் அவ்வளவு தீவிரம் என்ற கணக்கே மனத்தில் இருந்தது. இப்போதோ, நோயின் ரூபத்தை நிர்ணயிப்பதில் புழுவுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அதற்கு மறுமொழியாகச் சரீரம் செய்கிற காரியத்திற்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது விளங்கலாயிற்று. பொறுத்துக்கொள்கிற சரீரத்தில் புழு பெருகுகிறது, ஆள் சுகமாக இருக்கிறான். பொறாமல் எதிர்க்கிற சரீரத்தில் நுண்புழு அழிகிறது, ஆனால் அந்த எதிர்ப்பின் கொதிப்பிலேயே நாளங்களும் சேதமடைகின்றன.

எதிர்ப்பு அளவு மீறினால் என்ன ஆகும் என்பதை ஆட்டசன் கண்டது சென்னையில். வெப்பநாட்டு ஈசினோபிலியா என்ற நோயை நம் நாட்டில் பல குடும்பங்கள் பெயரளவிலாவது அறியும். பகலில் ஒருவாறு இருக்கும் நோயாளிக்கு இரவானதும் இருமல் தொடங்கி, இளைப்பும் மூச்சுத் திணறலுமாக விடியுமட்டும் வாட்டும், உடல் மெலியும், இலேசான ஜ்வரமும் இருக்கும். காசநோய் என்றும் ஆஸ்துமா என்றும் மயங்கி மாதக்கணக்கில் தவறான சிகிச்சை பெற்றவர்கள் அநேகர். மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில் பணிபுரிந்த ஃப்ரீமோட் மோலர் என்ற டேனிஷ் மருத்துவர், காசம் போலத் தோன்றியும் காசமல்லாத இந்த நிலையைத் தம் சகாவோடு 1940-இல் எழுதி வைத்தார். 1943-இல் வைங்கார்ட்டன் என்பவர் அதற்குப் பெயர் சூட்டினார். ஈசினோபில் என்ற வெள்ளணு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சாதாரணமாக ஐந்நூறுக்கு உட்பட்டிருக்க, இந்நோயில் மூவாயிரத்தையும் கடந்து நிற்கும். இரத்தத்தில் நுண்புழு ஒன்றும் அகப்படாது. ஆயினும் டி.இ.சி. கொடுத்தால் சில நாட்களிலேயே இருமல் அடங்கும். சிங்கப்பூரில் தனராஜ் என்ற மருத்துவர் 1950-களில் இதைத் தெளிவாகக் காட்டினார். ஃபைலேரியாவுக்கான மருந்து கேட்கிறதென்றால் மூலகாரணமும் ஃபைலேரியாவாகவே இருக்க வேண்டும் என்ற ஊகம் அதனால் வலுத்தது.

அந்த ஊகத்தை நிலைநிறுத்தியதில் பெரும்பங்கு, 1956-இல் தொடங்கப்பெற்றுச் சென்னைச் சேத்துப்பட்டில் இயங்கிவரும் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தினுடையது. இன்று அதன் பெயர் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 1980-களில் அங்கே வி. கே. விஜயன், வி. குமாரசாமி முதலிய மருத்துவர்கள், ஆட்டசனோடும் அவருடைய சகாவான தாமஸ் நட்மனோடும் கூடி, ஈசினோபிலியா நோயாளிகளின் நுரையீரலுக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, உப்புநீரைச் சிறிதளவு விட்டு உறிஞ்சி எடுத்து ஆராய்ந்தார்கள். அந்த நீரில் கிடைத்த அணுக்களில் ஏறக்குறைய பாதி ஈசினோபில்கள். சாதாரண மனிதனின் நுரையீரலில் அவை அநேகமாக இருப்பதே இல்லை. புழுவுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள், ஒவ்வாமையை உண்டாக்கும் ஐ.ஜி.ஈ. வகையும் உட்பட, நுரையீரலின் நீரிலேயே செறிந்திருந்தன. மருந்து கொடுத்த இரண்டு வாரங்களுக்குள் ஈசினோபில்கள் மளமளவென்று குறைந்தன. இரத்தத்தில் நுண்புழு ஏன் காணப்படவில்லை என்பதற்கும் விடை கிடைத்தது: நுரையீரலின் நுண்நாளங்களுக்குள் புகுந்ததும் அங்கேயே அவை அழிக்கப்பட்டுவிடுகின்றன, அந்தச் சங்காரத்தின் விளைவே இரவு இருமல். நோயாளியைத் தூங்கவிடாமல் அடித்தது புழுவைவிட அவனுடைய சரீரத்தின் கடுங்கோபமே. மருந்து உண்டு தேறிய பிறகும் சிலருக்கு நுரையீரலில் இலேசான அழற்சி நீடிப்பதையும் விஜயன் குழுவினர் கண்டு எச்சரித்தார்கள்.

பொறுமைக்கும் கோபத்திற்கும் இடையே இருக்கும் இந்த வித்தியாசத்தை எது உண்டாக்குகிறது? 1985-இல் ஆட்டசன் குழுவினர் கண்ட உண்மை ஒன்று இங்கே வெளிச்சம் தருகிறது. நம் இரத்தத்தில் மிகக் குறைந்த அளவிலேயே இருக்கிற ஐ.ஜி.ஜி.4 என்ற எதிர்ப்பொருள், நோய்க்குறியின்றி நுண்புழுவைச் சுமப்பவர்களிடம் வெகு அதிகமாகப் பெருகியிருந்தது. ஐ.ஜி.ஈ. பற்ற வேண்டிய இடத்தை இது முன்னதாகவே பற்றிக்கொண்டு, ஒவ்வாமையின் கொதிப்பு எழாதபடி தடுக்கிறது. கொதிப்பைத் தணிக்கும் இண்டர்லூகின்-10 என்ற பொருளும் அவர்களிடம் மிகுதியாகச் சுரக்கிறது. புழு தன் நன்மைக்காகச் சரீரத்தை இந்த வழியில் திருப்பிவிடுகிறது. சரீரமும் தன் திசுக்களைத் தன் கோபத்திலிருந்தே காத்துக்கொள்ள அதற்கு உடன்படுகிறது.

இன்னும் வியக்கத்தக்கது தாய்மார்களைப் பற்றிய ஆராய்ச்சி. முதல் ஆராய்ச்சிக்குப் பதினேழு ஆண்டுகள் கழித்து, 1992-இல் ஆட்டசனின் குழுவினர் மௌக்கே தீவுக்கு மறுபடி சென்றார்கள். முன்பு இரத்தத்தில் நுண்புழுவோடு கருவுற்றிருந்த தாய்மார்களின் பிள்ளைகள் இப்போது வாலிப வயதை எட்டியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் நிணவணுக்கள், புழுவற்ற தாய்மாரின் பிள்ளைகளுடையவற்றை ஒப்பிட, நுண்புழுவின் சத்துக்கு மந்தமாகவே மறுமொழி கூறின. கருவறையிலேயே புழுவின் வாசனை பட்டு வளர்ந்த சிசுவின் சரீரம் அதை அந்நியமாகக் கருதாமல் பொறுத்துக்கொள்ளப் பழகி, அந்தப் பழக்கத்தைப் பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகும் மறக்கவில்லை. தகப்பன்மாரின் நோய்க்கும் பிள்ளைகளின் மறுமொழிக்கும் இத்தகைய தொடர்பு காணப்படவில்லை. 1994-இல் வெளியான இந்த ஆராய்ச்சியைப் படிக்கும்போது, ஒரு தலைமுறையை நோயிலிருந்து காப்பது அடுத்த தலைமுறையின் சரீரத்தையே மாற்றி அமைக்கும் காரியம் என்பது புலனாகிறது.

சரீரம் பொறுத்துக்கொண்டால் நல்லதுதானே, புழுவோடு சுகமாக வாழ்ந்துவிட்டுப் போகலாமே என்று ஒருவர் கேட்கலாம். அது அவ்வளவு நிரபாயமான சுகமன்று என்பதை 1990-களில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டின. பிரேசிலின் ரெசிஃபே நகரில் ஜெருசா டிரேயர் என்ற பெண் மருத்துவரும் அவருடைய சகாக்களும், ஸ்கேன் கருவியின் துணையால், உயிருள்ள முதிர்ந்த புழுக்கள் நிணநீர் நாளத்திற்குள் ஓயாமல் ஆடிக்கொண்டிருப்பதைத் திரையில் கண்டார்கள். வெளிக்கு யாதொரு குறியும் இல்லாதவர்களின் நாளங்கள்கூட அந்த இடங்களில் விரிந்து போயிருந்தன. விரிந்த நாளம் தானாகவே பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. நீர் தேங்கிய காலில், விரல் இடுக்கின் சிறு வெடிப்பு வழியாகச் சாதாரணப் பாக்டீரியாக்கள் புகுந்து கிளப்புவதுதான், திரும்பத் திரும்ப வருகிற நெறிக்காய்ச்சலில் பெரும்பகுதி. ஒவ்வொரு காய்ச்சலும் வீக்கத்தை ஒரு படி ஏற்றிவிட்டுப் போகிறது. ஆகையால் காலைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, விரல் இடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, புண்ணுக்கு மருந்திட்டு, உறங்கும்போது காலை உயர்த்தி வைத்துக்கொண்டால், காய்ச்சல் வருவது குறைந்து, வீக்கமும் மேலே ஏறாமல் நிற்கும் என்று டிரேயர் நிரூபித்தார். விலையுயர்ந்த மருந்து எதையும்விட இந்த எளிய உபாயம் யானைக்கால் நோயாளிகளுக்கு அதிக ஆறுதல் அளித்திருக்கிறது என்றே சொல்லுவேன்.

ஆராய்ச்சிக் கூடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த ஆட்டசன், 1990-களில் உலக சுகாதார ஸ்தாபனத்திற்குச் சென்று, நோயை அடியோடு ஒழிக்கும் முயற்சிக்குத் தலைமை ஏற்றார். அது அவருடைய விஞ்ஞானத்தின் இயல்பான தொடர்ச்சியே. சுகமாகத் தோன்றுகிறவனே புழுவின் களஞ்சியம் என்றால், நோயாளியை மட்டும் தேடி மருந்து கொடுத்துப் பயனில்லை. ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் விழுங்க வேண்டும். 1997-இல் உலக சுகாதார மகாசபை ஒழிப்புத் தீர்மானத்தை நிறைவேற்றியது; மறு ஆண்டில் ஒரு பெரிய மருந்துக் கம்பெனி, டி.இ.சி.யோடு சேர்த்து உண்ணும் அல்பெண்டசோல் மாத்திரைகளை இலவசமாகவே வழங்க முன்வந்தது; 2000-இல் உலகளாவிய திட்டம் தொடங்கியது. காரைக்காலில் சமையல் உப்பிலேயே டி.இ.சி. கலந்து கொடுத்து 1980-களில் நடத்திய சோதனையைப் போன்ற நம் நாட்டு அனுபவங்களும் அதற்கு முன்மாதிரியாக இருந்தன. 1947-இலேயே யானைக்கால் ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கிய இலங்கை, 2016-இல் இந்நோயை ஒழித்த நாடு என்ற அங்கீகாரத்தை அடைந்தது. பாக் நீரிணைக்கு அப்பால், நம் கோட்டைப்பட்டினத்திலிருந்தும் ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் படகேறும் மீனவர்கள் நன்கறிந்த நாடு அது. அங்கே முடிந்தது இங்கே முடியாததற்கு இயற்கையில் காரணம் ஒன்றுமில்லை. இந்தியா 2027-ஐ இலக்காக வைத்திருக்கிறது.

சரீரத்தின் பொறுமையைப் பற்றிய ஆராய்ச்சி சென்னையில் இன்னும் தொடர்கிறது. சேத்துப்பட்டு நிறுவனத்தில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கூட்டுறவோடு நடைபெறும் மையத்தில், சுபாஷ் பாபு முதலியோர், ஃபைலேரியாப் புழுவினால் தணிவிக்கப்பட்ட சரீரம் காசநோய்க் கிருமிக்கு எவ்வாறு மறுமொழி கூறுகிறது என்பதை ஆராய்ந்து, அந்த மறுமொழியும் மங்கிவிடுவதைக் காட்டியிருக்கிறார்கள். சென்னை மக்களிடம் நடந்த மற்றோர் ஆராய்ச்சியில், நீரிழிவு உள்ளவர்களிடம் ஃபைலேரியாத் தொற்று குறைவாகவே காணப்பட்டது. புழு தணிவிக்கிற அழற்சிக்கும் நீரிழிவில் எழுகிற அழற்சிக்கும் உறவு இருக்கலாம் என்பது அதன் குறிப்பு. இதைக் கேட்டுப் புழுவை வரவேற்க யாரும் கிளம்ப வேண்டாம். புழு கையாளும் தந்திரத்தைக் கற்று மருந்தாக்க முடியுமா என்பதே விஞ்ஞானிகளின் நாட்டம்.

ஊர் முழுவதும் விழுங்க வேண்டிய டி.இ.சி. மாத்திரையை உண்ட அன்று சிலருக்குத் தலைவலியும் காய்ச்சலும் மயக்கமும் வருவது உண்டு. அந்தச் செய்தி ஊரில் பரவியதும், கொடுத்த மாத்திரையைக் கூரையில் சொருகி வைத்துவிடுகிறவர்கள் பலர். இந்தக் காய்ச்சல் எதனால் வருகிறது என்பது இதுவரை கூறியதிலிருந்தே விளங்கும். மருந்தினால் வெளிப்பட்ட நுண்புழுக்கள் கூட்டமாக மடியும்போது, அதுவரை பொறுமையாக இருந்த சரீரம் அவற்றின் சிதைவுகளைக் கண்டு கிளர்கிறது; புழுவுக்குள் குடியிருக்கும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவும் அப்போது வெளிப்பட்டு அந்தக் கிளர்ச்சியைத் தூண்டுகிறது. இரத்தத்தில் புழு இல்லாதவருக்கு இத்தகைய காய்ச்சல் பெரும்பாலும் வருவதே இல்லை. ஆகவே மாத்திரை உண்டு காய்ச்சல் கண்டவர், தாம் அறியாமல் சுமந்த புழுவை இறக்கி வைக்கத் தொடங்கிவிட்டார் என்று அறிந்து தைரியம் கொள்ளலாம். ஓரிரு நாளில் அது தணிந்துவிடும், கடுமையாக இருந்தால் மருத்துவரிடம் காட்டலாம்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும், கர்ப்பிணிகளும், கடும் நோயாளிகளும் இந்த மாத்திரையை உண்ணலாகாது. மற்ற எல்லோரும், குறிப்பாகத் தமக்கு ஒரு நோயும் இல்லை என்று நம்புகிற திடகாத்திரமானவர்கள், சுகாதாரப் பணியாளர் வீட்டு வாசலுக்கு வரும் நாளில், வெறும் வயிற்றோடு இல்லாமல் சிறிது ஆகாரம் உண்டுவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே அதை விழுங்கிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் கால் வீங்கிய பெரியவர் இருந்தால், இன்றிரவே ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் எடுத்து, அவர் காலைக் கழுவித் துடைத்து விடுங்கள்.